சேர்ப்பது வேறு, காப்பது வேறு

'செல்லுலாய்ட் மேன்' படத்தைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் நெகிழ்ந்துதான் முடிக்கிறார்கள். நெகிழ வேண்டிய படம்தான். பி.கே. நாயர் மாதிரி ஒரு ஆளை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு மனசு அசையவில்லை என்றால் கோளாறு நம்மிடம்தான். ஆனால் மூன்றாவது முறை பார்த்தபோது, நாயர் மேல் மரியாதை கூடின அளவுக்குப் படத்தின் மேல் ஒரு சந்தேகமும் கூடிவிட்டது. பழைய பிலிமையும் ஒலிநாடாவையும் காப்பாற்றுவது என்றால் என்ன என்பதைப் பற்றி இது நமக்குச் சொல்வது அழகான கதை, ஆனால் பாதிக் கதை. விட்டுப்போன மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. ஷிவேந்திர சிங் துங்கர்பூர் இயக்கி 2012-ல் வந்த ஆவணப்படம். இரண்டு தேசிய விருதுகள் வாங்கியது. நாயர் 1933-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சின்ன வயசில் சினிமா டிக்கெட்டுகளின் கிழிந்த பாதியைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தவர், 1964-ல் புனேயில் தொடங்கிய இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை (சுருக்கமாக என்.எஃப்.ஏ.ஐ.) கட்டி எழுப்பினார். 1991-ல் அவர் ஓய்வு பெற்றபோது அங்கே ஏறக்குறைய 12,000 படங்கள் இருந்தன. பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'விலும் 'காளிய மர்தன்'னிலும் மிச்சம் இருப்பதை இன்று நாம் பார்க்க முடிகிறது என்றால் அது அவர் அலைந்த அலைச்சல்.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு.

படத்தில் நாயரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் ஒரு புகழ்ச்சி இருக்கிறது. எந்தப் படத்தின் எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் வரும் என்று அவர் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகும் சொல்லிவிடுவார். எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்ற அறிவு ஒருத்தர் தலைக்குள் இருந்தால் அது அவருக்குப் பெருமை, காப்பகத்துக்கு வறுமை. நாயர் இருட்டுத் தியேட்டரில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களில் குறிப்பு எழுதியவர் என்பதையும் படம் காட்டுகிறது. ஆனால் ஒருவருடைய நோட்டுப் புத்தகம் காப்பகத்தின் அட்டவணை ஆகாது. அட்டவணை என்பது, அவரைத் தெரியாத, அவரைப் போலப் படம் பார்த்திராத ஒரு புது ஊழியர் திங்கட்கிழமை காலையில் வந்து திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய பொருள்.

நாயர் 2016 மார்ச் 4-ஆம் தேதி காலமானார். அதே மாதம் 21-ஆம் தேதி சென்னையில் பிலிம் நியூஸ் ஆனந்தன் போனார். தமிழ்ப் படம் ஒன்றைப் பற்றி வருஷமோ பேரோ சந்தேகம் என்றால் பத்திரிகைக்காரர்கள் முதலில் தேடிப்போகிற ஆள் அவர். ஆனந்தனாவது தன் தகவல்களைத் தடிமனான புத்தகமாகப் போட்டுவிட்டுப் போனார். இப்படிப்பட்டவர்களை நாம் 'நடமாடும் களஞ்சியம்' என்று பாராட்டுவோம். களஞ்சியம் ஒரு நாள் நடமாடுவதை நிறுத்திவிடும் என்பதற்கு மட்டும் ஏற்பாடு செய்ய மாட்டோம்.

இந்த ஏற்பாடின்மை எண்ணிக்கையிலேயே தெரிகிறது. இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் 1,700 என்றும், அவற்றில் ஒன்பது மட்டும் நாயரால் பிழைத்தன என்றும் 'செல்லுலாய்ட் மேன்' விளம்பரக் குறிப்பு சொல்கிறது. 1,300 சொச்சம் எடுத்தோம், முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது என்று சொல்கிறவர்களும் உண்டு. முழுப் படத்தை மட்டும் எண்ணுவதா, துண்டுகளையும் சேர்ப்பதா, கிடைத்ததை யார் கணக்கில் எழுதுவது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. எதை இழந்தோம் என்பதற்கே ஒத்துக்கொண்ட பட்டியல் நம்மிடம் இல்லை. படம் இதை ஒரு பிரச்சினையாகப் பார்க்கவில்லை. ஒன்பது என்ற எண் கதைக்கு வசதியாக இருக்கிறது.

அடுத்தது, படத்தின் வில்லன்கள். இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வைத் தேடி நாயர் அதன் தயாரிப்பாளர் அர்தேஷிர் இரானியைப் பார்க்கப் போகிறார். ரீல்கள் இங்கேதான் எங்கேயோ இருக்கும் என்கிறார் பெரியவர். பிறகு மகன் நாயரைத் தனியாகக் கூப்பிட்டு, அதிலிருந்த வெள்ளியை எடுக்க எப்போதோ போட்டாயிற்று, அப்பாவுக்குத் தெரியாது என்கிறார். கறுப்பு வெள்ளை பிலிமில் படமாக நிற்பதே வெள்ளித் துகள்தான். கழுவி எடுத்தால் காசு. மிஞ்சுகிற பிளாஸ்டிக்கில் வளையல் செய்தார்கள், கைப்பை செய்தார்கள். இப்படிக் கதைகள் படம் நெடுக வருகின்றன. கேட்கக் கேட்கக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நாம் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறோம்: இவை எல்லாமே பிலிம் காப்பகத்துக்கு வந்து சேராத கதைகள். சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கடினமான கதை. அதற்கு வில்லன் கிடையாது. வேதியியல் மட்டும்தான் உண்டு.

1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே வைத்திருக்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். அதற்குப் பதிலாக வந்த அசிட்டேட் பிலிமுக்குப் 'பாதுகாப்பு பிலிம்' என்று பெயர் வைத்தார்கள். அது எரியாது, புளிக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டேட் மெதுவாகப் பிரிந்து அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். வினிகரில் இருப்பது இதே அமிலம்தான். டப்பாவைத் திறந்தால் புளிச்ச காடி வாடை மூக்கைத் துளைக்கும். இந்த நோய்க்கு உலகம் முழுக்க 'வினிகர் சிண்ட்ரோம்' என்றே பெயர். கொடுமை என்னவென்றால், வெளியே வருகிற அமிலமே அடுத்த சுற்றுச் சிதைவைத் தூண்டிவிடும். மூடின டப்பாவுக்குள் அது இன்னும் வேகம். பிலிம் சுருங்கி, வளைந்து, ஓட்டைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாமல் போய், கடைசியில் படம் தாங்கிய மேல்பூச்சு தனியே உரிந்து வரும்.

அமெரிக்காவில் ரோசெஸ்டரில் உள்ள படிமப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. புது அசிட்டேட் பிலிமை 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் வினிகர் நோய் தொடங்கச் சுமார் 40 வருஷம். உறைநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் அதே பிலிம் பல நூறு வருஷம் தாங்கும். சென்னையில் 21 டிகிரி என்பதே மார்கழி ராத்திரிச் சமாச்சாரம். மின்விசிறி ஓடும் அறையில் பீரோவுக்குள் வைத்த பிலிமுக்கு 40 வருஷம் எல்லாம் கிடையாது. ஆக, ஒரு ரீலின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதைக் கண்டுபிடித்தவரின் காதலைவிட ஏ.சி.க்குக் கரண்ட் பில் கட்டுகிறவரின் கையெழுத்துக்குப் பங்கு அதிகம்.

2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நைட்ரேட் பிலிம்கள் இருந்த கிடங்கு தீப்பிடித்தது. பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த அதே இடம். நாயர் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தீயில் போனவற்றில் சிலவற்றுக்கு வேறு பிரதிகள் இருந்தன, பலவற்றுக்கு இல்லை. எத்தனை படங்கள் போயின என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. 'நாயர் மாதிரி ஒருத்தர் அப்போது இருந்திருந்தால்' என்று நினைக்கத் தோன்றும். படமும் நம்மை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. அந்த நினைப்பு தப்பு என்பேன். நாயர் மாதிரி ஒருத்தர் இருந்தால்தான் எரியாமல் இருக்கும் என்றால் அந்தக் கிடங்கு முதல் நாளிலிருந்தே ஆபத்தில்தான் இருந்தது என்று அர்த்தம்.

காதல் இல்லாமலே ஒரு படம் பிழைத்த கதை ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர்ராஜ் 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். இயக்கம் பி.வி. ராவ். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது. படம் நின்றது, தயாரிப்பாளர் நொடித்தார். ஆனால் பிரதி புத்தகக் கடைக்காரர்களிடமே தங்கிவிட்டது. 1974-ல் அங்கிருந்து அது என்.எஃப்.ஏ.ஐ.க்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்திய மௌனப் படம் என்று இன்று காட்ட நமக்கு இருப்பது இதுதான். நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்' இல்லை. 1931-ல் ஓடோ ஓடென்று ஓடிய 'காளிதாஸ்' பேசும் படமும் இல்லை, விளம்பரமும் பத்திரிகைக் குறிப்பும்தான் இருக்கின்றன. ரசிகர்கள் கொண்டாடியது போய்விட்டது, வக்கீல்கள் முடக்கியது இருக்கிறது. யாரோ ஒருவருக்கு அதை ஒப்படைக்க வேண்டிய கட்டாயமும், ஒரு இடத்தில் பூட்டி வைக்க ஒரு காரணமும் இருந்தன. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கட்டாயம் புத்தகத்துக்கு நம்மிடம் இருக்கிறது. 1954-ஆம் வருஷத்து நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். பதிப்பாளர்கள் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்பது வேறு விஷயம், சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சினிமாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் ஒரு படத்தைத் திரையிட முடியாது என்று கறாராக நிற்கும் அரசு, ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை. பிரான்சில் இதற்குச் சட்டமே இருக்கிறது. நாயர் ஒவ்வொரு தயாரிப்பாளர் வீட்டு வாசலிலும் போய் நின்றதற்குக் காரணம் அவருடைய பைத்தியம் மட்டும் இல்லை. கேட்டு வாங்க அவர் கையில் சட்டம் இல்லை. படம் பைத்தியத்தைக் கொண்டாடுகிறது, சட்டம் இல்லாததை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகிறது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். தென்னிந்தியாவின் அத்தனை மொழிப் படங்களுக்கும் நெகட்டிவ் கழுவிய ஊர் சென்னை. நெகட்டிவ் என்பது இங்கே எப்போதும் கலைப்பொருளாக இருந்ததில்லை, அடமானப் பொருளாகவே இருந்தது. பாக்கி தீரும்வரை லேபிலேயே கிடக்கும். 'நெகட்டிவ் உரிமை' என்று கைமாறிக்கொண்டே இருக்கும். வாங்கினவருக்கு வேண்டியது பத்திரம், டப்பாவுக்குள் என்ன நிலைமை என்று திறந்து பார்க்க அவசியம் இல்லை. தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறினதும் லேப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இடத்துக்கு விலை இருந்தது, டப்பாவுக்கு விலை இல்லை.

'செல்லுலாய்ட் மேன்' வந்த அதே 2012-ல்தான் சிவாஜியின் 'கர்ணன்' டிஜிட்டலாகத் திரும்ப வந்து வசூலில் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. அதற்குப் பிறகு பழைய படத்தைத் 'தூசு தட்டி' விடுவது ஒரு தொழில் ஆயிற்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை, பெரிய திரையில் 'கர்ணன்' பார்க்கக் கசக்குமா. ஆனால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லும்போதுதான் இடறுகிறது. வசூலாகும் என்று நம்பிக்கை உள்ள படத்துக்குத்தான் தூசு தட்டுவார்கள். ஒலியை இன்றைய ஸ்பீக்கர்களுக்குத் தக்கபடி மாற்றுவார்கள். அது மறுவெளியீடு. 1964-ல் பார்த்தவர் எதைக் கேட்டார் என்பதையும் கெடாமல் எடுத்து வைப்பதுதான் பாதுகாப்பு. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

டிஜிட்டல் என்ற சொல்லுக்கே இப்படி ஒரு மயக்கும் சக்தி இருக்கிறது. ஒரு கணக்கு போடலாம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் 35 எம்.எம். பிலிமில் 13,500 அடி, ஆயிரம் அடிக்கு ஒரு ரீல் என்று பதினாலு டப்பா. அதை 4கே தரத்தில், சுருக்காமல், பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்தால் சுமார் 2,16,000 பிரேம்கள், பிரேமுக்கு 50 எம்.பி. சொச்சம். மொத்தம் 11 டெராபைட்டை ஒட்டி வரும். இதை ஹார்டு டிஸ்கில் வைத்து நம்பியிருக்க முடியாது என்பதால் பெரிய காப்பகங்கள் எதில் எழுதுகின்றன தெரியுமா? காந்த நாடாவில். எல்.டி.ஓ. என்கிறார்கள். அதன் எட்டாம் தலைமுறை இயந்திரம் ஏழாம் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஆறாம் தலைமுறையைப் படிக்காது. எனவே சில வருஷத்துக்கு ஒரு முறை மொத்தத்தையும் புது நாடாவுக்கு மாற்றியே ஆக வேண்டும். பிலிமைக் குளிரில் வைத்தால் தூங்கும். கோப்பைத் தூங்கவிட்டால் செத்துப்போகும். ஒரு தடவை ஸ்கேன் செய்துவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று எந்தக் காப்பகமும் சொல்ல முடியாது.

காந்த நாடா என்றதும் இன்னொன்று. செல்லுலாய்டுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவம் தெரியும். 'செல்லுலாய்ட் மேன்'னையே பிலிமில்தான் எடுத்தார்கள். ஒலிநாடாவுக்கும் வீடியோ கேசட்டுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. அவை பழுப்பு ரிப்பன்கள், இயந்திரம் இல்லாவிட்டால் வெறும் குப்பை. நாடாவில் காந்தப் பொடியை ஒட்டவைத்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். சில நாடாக்களை 50 டிகிரி சொச்சத்தில் மணிக்கணக்கில் சூடுபடுத்தினால்தான் ஒரு முறையாவது ஓட்ட முடியும். ஓட்டும் இயந்திரங்களின் உற்பத்தியோ நின்றுவிட்டது. கடைசியாக வி.எச்.எஸ். இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-ல் நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2025-ஐக் கெடுவாகக் குறித்தது. அதற்குள் மாற்றாத நாடாக்களை மாற்றவே முடியாமல் போகலாம் என்று எச்சரித்தது. யுனெஸ்கோவும் ஒலி ஒளிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து 2019-ல் இதே மணியை அடித்தன. அந்த 2025 வந்தேவிட்டது. வானொலி நாடகம், ஒப்பாரி, தெருக்கூத்து, கிராமத்துப் பாட்டிகள் ஆய்வாளரின் மைக்கில் சொன்ன கதை என்று எத்தனையோ இந்த நாடாக்களில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நாயரும் இல்லை, நாயரைப் பற்றிய படமும் இல்லை.

ஆனால் ஆள் பேர் பெரிதாக இல்லாமல் வேலை நடக்கிற இடம் ஒன்றைச் சொல்ல முடியும். குர்காவ்னில் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இசை இனவியல் காப்பகம், 1982-ல் தொடங்கியது. ஆய்வாளர்கள் களத்தில் பதிவு செய்ததை இங்கே ஒப்படைக்கிறார்கள். ஆர்னால்ட் பேக் 1930களில் தென்னிந்தியாவிலும் பிற இடங்களிலும் பதிவு செய்தவற்றின் பிரதிகள் வெளிநாட்டிலிருந்து திரும்ப வந்து சேர்ந்த இடமும் இதுதான். ஒப்படைப்பவரோடு உரிமை பற்றிய ஒப்பந்தம், யார் கேட்கலாம் யார் நகல் எடுக்கலாம் என்ற விதி, பட்டியல். கேட்கச் சப்பென்று இருக்கும். இந்தச் சப்பென்ற வேலையைத்தான் காப்பகம் என்கிறோம்.

துங்கர்பூருக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவர் படத்தோடு நிற்கவில்லை. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த 'கல்பனா'வைப் புதுப்பிக்க ஓடியவர்களில் அவர் ஒருவர். 2014-ல் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனைத் தொடங்கி வருஷா வருஷம் பயிற்சிப் பட்டறை நடத்துகிறார், 2017-ல் அது சென்னையில் நடந்தது. பிலிமைக் கையில் தொட்டு, ஒட்டி, சுத்தம் செய்து, பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அரவிந்தனின் 'கும்மாட்டி'யும் 'தம்பு'வும் அந்த அமைப்பின் முயற்சியால்தான் புத்துயிர் பெற்றன. இரண்டுக்கும் மூல நெகட்டிவ் இல்லை, என்.எஃப்.ஏ.ஐ.யில் இருந்த பிரதிகள்தான் கைகொடுத்தன. நாயர் சேர்க்காமல் இருந்தால் புதுப்பிக்க எதுவும் இருந்திருக்காது. அதேபோல, அவருக்குப் பின்னால் வந்த பெயர் தெரியாத ஊழியர்கள் அந்த டப்பாக்களைப் பார்த்துக்கொள்ளாமல் விட்டிருந்தாலும் எதுவும் இருந்திருக்காது. இயக்குநர் வாழ்க்கையில் செய்கிற வேலை, அவர் படம் சொல்வதைவிடப் பெரிய விஷயத்தைச் சொல்கிறது.

அந்த ஊழியர்கள் படத்தில் இல்லை என்பதுதான் என் குறை. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பவர், உள்ளே வைத்த நீலக் காகிதப் பட்டை பச்சையாகி மஞ்சளாகிறதா என்று பார்த்து அமிலத்தைக் குறிப்பவர், ரீலைத் திருப்பிச் சுற்றி வைப்பவர். குல்சாரும் நசிருதீன் ஷாவும் கமல்ஹாசனும் பேசுகிறார்கள், இவர்களில் ஒருவருக்காவது அஞ்சு நிமிஷம் கொடுத்திருக்கலாம். படம் வந்த பிறகு தேசியத் திரைப்பட மரபுத் திட்டம் என்று 597 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2022-ல் காப்பகத்தையே திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்தார்கள், படம் தயாரிக்கும் நிறுவனத்தின் கீழே படம் காக்கும் வேலை. திரைத்துறையில் பலர் எதிர்த்தார்கள். இத்தகைய முடிவுகளை எடைபோட நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது நாயரின் வாழ்க்கை வரலாறு இல்லை. எத்தனை டப்பா, என்ன நிலைமை, எத்தனை டிகிரி, எத்தனை பயிற்சி பெற்ற ஆட்கள், பட்டியல் எங்கே என்பதுதான்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஹெக்கோடு. கர்நாடகத்தில் கே.வி. சுப்பண்ணாவின் நீனாசம் இருக்கிற ஊர். புனேயிலிருந்து போன பிரதிகளைப் பார்த்த விவசாயிகள் 'பதேர் பாஞ்சாலி'யையும் 'பைசைக்கிள் தீவ்ஸ்'ஸையும் பற்றி, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வது போலப் பேசுகிறார்கள். எதுக்கு இத்தனை பாடு, யார் பார்க்கப் போறாங்க என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும். அந்தப் பிரதி ஹெக்கோட்டுக்குப் போனதென்றால் அது புனேயில் ஓட்டும் நிலையில் இருந்திருக்கிறது, யாரோ பட்டியலில் தேடி எடுத்திருக்கிறார்கள், பெட்டியில் கட்டி ரயிலிலோ லாரியிலோ ஏற்றியிருக்கிறார்கள், திரும்பி வந்ததும் கீறல் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்னொரு படம் யாராவது எடுக்க வேண்டும். விறுவிறுப்பாக இருக்காது. நான் பார்ப்பேன்.